எழுத்தின் உருவமும் திரையின் சட்டகமும்: காணொளித் தலைப்புகளில் தமிழ்



காணொளித் தொகுப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். மொழி வளர்ச்சிக்கென அமைந்த இம்மேடையில், திரையின் அகலத்தையும் உயரத்தையும் பற்றிப் பேச ஒருவனை ஏன் அழைத்தார்கள் என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். காணொளியின் தொடக்கத்தில் வரும் தலைப்பு, இடையில் வரும் பெயர்க்குறிப்பு, அடியில் ஓடும் வசனவரி ஆகிய மூன்றும் எழுத்தால் ஆனவை. அவ்வெழுத்து பார்ப்போர் கண்ணை அடையும்போது அதன் உருவம் குலையாதிருக்க வேண்டும். குலையாமல் காக்கும் பொறுப்பு கணினி அறிந்தவர்க்கு மட்டுமே உரியது என்று நாம் ஒதுங்கிவிட்டோம். அது மொழியாசிரியர்க்கும் உரியது என்பதே என் கருத்து.

நம் நாட்டுப் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலம் மிகுதியாகப் புழங்கும் வீடுகளில் வளர்கின்றனர். தமிழ் எழுத்தை அவர்கள் காணும் இடங்கள் எண்ணத்தக்கவை. பாடநூல் ஒன்று, பொது இடங்களின் அறிவிப்புப் பலகை ஒன்று, மற்றவை பெரும்பாலும் திரைகளே. வகுப்பறையின் பெருந்திரை, வீட்டுத் தொலைக்காட்சி, கையிலுள்ள கைப்பேசி ஆகியவற்றில்தான் அவர்கள் தமிழை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். எழுத்தின் வடிவம் மனத்தில் உறுதிப்படாத வயதில், நசுங்கிய எழுத்தையும் பருத்த எழுத்தையும் மாறிமாறிக் காணும் குழந்தைக்கு எது இயல்பு, எது திரிபு என்று பிரித்தறிய வழியில்லை. வளர்ந்தவர்களாகிய நாம் சொல்லை ஊகித்துப் படித்துவிடுகிறோம். குழந்தை எழுத்தெழுத்தாகக் கூட்டியே படிக்கிறது.

எழுதப்படும் பரப்பு எழுத்தின் உருவை ஆளும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் நேர்கோடு ஓலையின் நரம்போடு சேர்ந்து அதைக் கிழித்துவிடும். வளைகோடுகள் ஓலைக்கு இசைந்தன. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. குத்தினால் ஓலை பொத்துவிடும். எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டு என்பதே பழைய விதி. அதுவும் ஓலையில் மறைந்தது. நெடிலைக் குறிலினின்று பிரித்துக்காட்டும் இன்றைய வடிவங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்துத் தந்த பெருமை வீரமாமுனிவர்க்கு உரியதாகக் கூறப்படுகிறது. சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் புள்ளியில்லா எழுத்துகளைக் கொண்டு எது மெய், எது உயிர்மெய் என்று முடிவு செய்யப் பட்ட பாட்டை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவர். ஓலை மறைத்த புள்ளியை அச்சு மீட்டுத் தந்தது. அதே புள்ளியைத் திரை மீண்டும் மறைக்குமாயின், அதைக் கைகட்டிப் பார்த்திருப்பது முறையாகாது.

இனி, திரை எதனால் ஆனது என்று பார்ப்போம். பிக்சல் எனப்படும் மிகச்சிறு கூறுகளை வரிசை வரிசையாக அடுக்கியதே காணொளிச் சட்டகம். பிக்சலைப் படப்புள்ளி என்றும் படவணு என்றும் தமிழில் வழங்குகிறோம். புள்ளி என்னும் சொல்லை மெய்யெழுத்துக்கே விட்டுவைக்க விரும்பி, இவ்வுரையில் படவணு என்றே சொல்லப்போகிறேன். ஒரு வரிசையில் எத்தனை படவணுக்கள், மொத்தம் எத்தனை வரிசைகள் என்பது சட்டகத்தின் அளவு. இவ்விரண்டு எண்களை மட்டும் அறிந்தால் படத்தின் வடிவம் தெரிந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மூன்றாவது எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு படவணுவும் சதுரமா, கிடையாக நீண்ட செவ்வகமா, நெடிதாக நின்ற செவ்வகமா என்பதைச் சொல்லும் எண் அது. தலைப்புகள் உருக்குலைவதற்குப் பெருங்காரணம் இம்மூன்றாம் எண்ணைக் கவனியாமையே.

படவணு சதுரமாக இராமற்போனதற்கு ஒரு வரலாறு உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டில் தொடங்கியது. நாம் பின்பற்றியது 625 வரிகள் கொண்ட முறை. வண்ணம் வந்தபின் அது பால் என்னும் பெயர் பெற்றது; பசுவின் பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அமெரிக்காவும் ஜப்பானும் 525 வரி முறையைக் கைக்கொண்டன. படத்தை எண்களாக மாற்றிப் பதியும் காலம் வந்தபோது, இரு முறைகளுக்கும் பொதுவான ஓர் அளவீடு தேவைப்பட்டது. 1982ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பின் வழியே ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. ஒரு நொடிக்கு 1 கோடியே 35 இலட்சம் முறை ஒளியளவைப் பதிவது, எம்முறையாயினும் ஒரு வரிக்கு 720 படவணுக்கள் கொள்வது என்பது அதன் சாரம். பொறியாளர்க்கு அது பெருவசதி. வரிகளின் எண்ணிக்கையோ இரு முறைகளிலும் வெவ்வேறு: நம் முறையில் படம் தாங்கும் வரிகள் 576, அவர்கள் முறையில் ஏறத்தாழ 480. அகலத்திற்கு ஒரே எண், உயரத்திற்கு இரண்டு எண்கள். படம் மட்டும் இரண்டிடத்தும் நான்குக்கு மூன்று என்னும் ஒரே விகிதம். எனவே நம் படவணு கிடையாகச் சற்று நீண்டது. அவர்கள் படவணு சற்று ஒடுங்கியது.

எவ்வளவு நீண்டது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாணவர்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 576 வரி உயரமுள்ள படம் நான்குக்கு மூன்று விகிதத்தில் அமைய, சதுரப் படவணுக்களாயின் 768 வேண்டும். நம் முறையில் ஒரு வரியின் படப்பகுதி 52 மைக்ரோநொடி நீள்கிறது. அந்நேரத்தில் பதிவாகும் படவணுக்கள் 702. எஞ்சிய 18 இரு ஓரங்களிலும் விடப்பட்ட இடம். 768ஐ 702ஆல் வகுத்தால் 1.094 கிடைக்கும். உயரம் 1 என்றால் அகலம் 1.094 என்பது பொருள். பதினாறுக்கு ஒன்பது என்னும் அகன்ற படத்தையும் அதே 720 படவணுக்களில் அடைத்தபோது, ஒவ்வொரு படவணுவின் அகலமும் 1.4587 ஆயிற்று.

இவ்வெண்கள் எழுத்தை என்ன செய்கின்றன? சதுரப் படவணுக்களை மட்டுமே அறிந்த ஓவிய மென்பொருளில், 720க்கு 576 என்னும் தாளைத் திறந்து, 288 படவணு விட்டமுள்ள ஒரு வட்டம் வரைகிறீர்கள். அதை அப்படியே பழைய நான்குக்கு மூன்று திரைக்கு அனுப்பினால், உயரம் 288 ஆகவே இருக்க, அகலம் 315 அளவாகத் தோன்றும். அகன்ற திரைக்கு அனுப்பினால் 420 ஆகிவிடும். வட்டம் முட்டையாயிற்று. அவ்வட்டத்தின் இடத்தில் ஓகாரத்தை வைத்து நினைத்துப் பாருங்கள்.

ஆங்கில எழுத்து கொஞ்சம் அகன்றாலும் குறுகினாலும் பெரும்பாலும் தன் அடையாளத்தை இழப்பதில்லை. தமிழுக்கு அவ்வுரிமை குறைவு. நம் எழுத்துகளைப் பிரித்தறிய உதவும் குறிகளுள் சில கிடையாகவும் சில நெடிதாகவும் அமைந்துள்ளன. மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் வேறுபடுத்துவது பக்கவாட்டில் அடுக்கிய சுழிகளின் எண்ணிக்கை. அகலத்தைக் குறுக்கினால் சுழிகளுக்கு இடையிலுள்ள வெளி அடைபடும். மணம் மனமாகும், பணி பனியாகும். இகர ஈகர விலங்குகளும் மெய்யின் புள்ளியும் எழுத்தின் தலைமேல் நிற்பவை. உயரத்தைக் குறுக்கினால் விலங்கின் சுழி மறைந்து வீடு விடுவாகும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக் கல் கலவாகும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரிப்பது உச்சியிலுள்ள ஒரு சிறு சுழி. அது நிரம்பிவிட்டால் கோடு எது, கொடு எது? ஏகாரத்தின் கீழ்வாலும் அத்தகையதே. எடும் ஏடும் அவ்வொரு கோட்டினால் வேறாகின்றன. எழுத்தின் உயரம் 40 வரி என்றால் புள்ளிக்குக் கிடைப்பது நான்கைந்து வரிகள். அதில் ஒரு வரி போனாலும் இழப்புதான்.

பழைய ஒளிபரப்பு முறையில் மற்றோர் இடரும் இருந்தது. ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று திரை மாறிமாறி வரையப்படும். ஒரே ஒரு வரி கனமுள்ள கிடைக்கோடு நொடிக்கு 25 முறை மட்டுமே தோன்றி மின்னும். டகரத்தின் அடிக்கோடும் பகரத்தின் அடிக்கோடும் மெல்லிய எழுத்துருவில் நடுங்கிக்கொண்டே இருந்தமைக்கு அதுவே காரணம். ஒளிபரப்புக்கெனத் தடித்த எழுத்துருக்களை அக்காலத்துத் தொகுப்பாளர்கள் நாடியதில் பொருளுண்டு.

இதெல்லாம் பழங்கதை, இன்று எல்லாம் சதுரமாகிவிட்டதே என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். பெருமளவு உண்மை. சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், மலேசியாவில் அவ்வாண்டு அக்டோபர் இறுதியிலும் பழைய ஒளிபரப்பு முறை முற்றாக நிறுத்தப்பட்டது. 1920க்கு 1080 என்னும் உயர்தெளிவுச் சட்டகத்தின் படவணு சதுரம். 3840க்கு 2160 என்னும் சட்டகமும் அவ்வாறே. ஆயினும் பள்ளிகளின் அலமாரிகளில் பழைய ஒளிப்பதிவுக் கருவிகள் இன்னும் உறங்குகின்றன. அவற்றுள் ஒருவகை 1440க்கு 1080 என்ற அளவில் பதியும். 1440ஐ 1080ஆல் வகுத்தால் நான்குக்கு மூன்று போலத் தோன்றும். உண்மையில் அதன் படவணு ஒன்றே கால் பங்குக்கும் மேலாக, அதாவது 1.333 மடங்கு அகன்றது. 1440ஐ அதனால் பெருக்கினால் 1920 வந்துவிடும்.

ஒரு மாணவர் குறும்படப் போட்டியில் இதன் விளைவை நான் நேரிற் கண்டேன். மாணவர்கள் அத்தகைய கருவியில் படம் பிடித்திருந்தனர். மென்பொருளிடம் படவணுவின் வடிவைச் சொல்லவில்லை. அது சதுரமென்றே கொண்டது. முகங்கள் ஒடுங்கித் தோன்றின. தலைப்பை அச்சட்டகத்திலேயே அழகாக எழுதிவிட்டு, முகங்களைச் சரிசெய்வதற்காக முழுப்படத்தையும் பக்கவாட்டில் இழுத்து 1920 ஆக்கிவிட்டனர். முகங்கள் சீராயின; தலைப்பெழுத்துகள் மூன்றில் ஒரு பங்கு பருத்தன. நடுவர்கள் எழுத்துருத் தேர்வு நன்றாக இல்லை என்று குறை கூறினர். எழுத்துருவில் ஒரு குறையும் இல்லை. இழுத்துச் சரிசெய்வதை விட்டு, படம் மென்பொருளுக்குள் நுழையும்போதே அதன் படவணு விகிதம் இன்னதென்று குறித்திருந்தால் போதுமானது. தலைப்பைத் தனியே, சதுரப் படவணுவுடைய 1920க்கு 1080 சட்டகத்தில் எழுதியிருக்கலாம். எழுத்தை எங்கே எழுதுகிறோமோ அவ்விடம் சதுரமாக இருக்கட்டும். மாற்றம் தேவையாயின் அதைக் கடைசி அடியில் மென்பொருள் செய்யட்டும். நான் மாணவர்க்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

பழைய அளவுகளில் பணிசெய்ய நேர்வோர்க்கு ஒரு குறிப்பு. பால் முறைப் படவணுவின் விகிதம் சில நூல்களில் 1.067 என்றும், சிலவற்றில் 1.094 என்றும் காணப்படும். 720 படவணுக்களையும் படமென்று கொண்டு கணக்கிட்டவர்க்கு முதல் எண் கிடைத்தது. 702ஐ மட்டும் கொண்டவர்க்கு இரண்டாவது. அடோபி நிறுவனம் 2008இல் வெளியிட்ட சி.எஸ்.4 தொகுப்பில் முதல் எண்ணைக் கைவிட்டு இரண்டாவதற்கு மாறியது. அதனால் சதுரப் படவணுவில் தலைப்பு வரைவதற்கான தாளின் அளவும் 768க்கு 576 என்பதிலிருந்து 788க்கு 576 ஆயிற்று. அகன்ற படத்திற்கு 1024 என்பது 1050 ஆயிற்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. கண்ணுக்கு அது பெரும்பாலும் புலப்படாது. இதன்பொருட்டுப் பெரிதாக வழக்காடுவது வீண் என்பது என் எண்ணம். ஆனால் ஒரே படத்தில் பாதித் தலைப்புகள் ஒரு கணக்கிலும் மீதி மறுகணக்கிலும் இருந்தால், அடுத்தடுத்து வரும்போது எழுத்து மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும்.

சட்டகம் முழுவதும் எழுதுவதற்குரியதன்று. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் படத்தின் ஓரங்கள் பெட்டியின் விளிம்புக்குள் மறைந்துபோகும். ஆகவே தலைப்பு நடுவிலுள்ள 80 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற மரபு ஏற்பட்டது. இன்றைய அகன்ற திரைகளுக்கு அவ்வெல்லை 90 விழுக்காடு. 1920க்கு 1080 சட்டகத்தில் இடவலம் 96 படவணுக்களும், மேல்கீழ் 54 படவணுக்களும் விட்டுவிட்டு எழுதினால் போதும். பள்ளி மண்டபத்துப் படவீழ்த்திகள் சில இன்றும் ஓரத்தை விழுங்குகின்றன; மண்டபத்தில் காட்டவிருக்கும் படத்திற்குப் பழைய எல்லையையே நான் கைக்கொள்கிறேன். கீழெல்லையில் எழுதும்போது உகர ஊகார உயிர்மெய்களின் கால்கள் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குவதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்து அளந்த இடத்தில் கூகாரத்தை அமர்த்தினால் அதன் கால் வெட்டுப்படும்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். நான்கு மொழிகளும் ஒரே சட்டகத்தில் வரும் காணொளிகள் சிங்கப்பூரில் பல. வார்ப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்தே அமைக்கப்படுகிறது. சீனம் சில எழுத்துகளில் முடிந்துவிடும். தமிழுக்கோ அதே அகலப் பெட்டி போதாது. வேற்றுமை உருபும் சாரியையும் சொல்லோடு சேர்ந்தே எழுதப்படுவதால் நம் சொற்கள் நீளமானவை. 1978இல் தமிழக அரசு ஏற்று, பின்னர் இங்கும் மலேசியாவிலும் கைக்கொள்ளப்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்தாலும் சில எழுத்துகளின் அகலம் கூடிற்று. யானைத் துதிக்கைபோல் மேலெழுந்த பழைய லைகாரம் ஓரிடத்தில் அடங்கியது. இன்றைய லைகாரத்திற்கு ஐகாரக் குறியின் அகலமும் வேண்டும். கற்பதற்கு எளிதான நல்ல மாற்றம் அது. இடம் கேட்கும் மாற்றமும்கூட. தமிழறியாத வடிவமைப்பாளர் இந்நிலையில் என்ன செய்கிறார்? எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்கிப் பெட்டிக்குள் திணிக்கிறார். படவணுவின் விகிதம் தவறினால் அறியாமல் நேர்வது இங்கே அறிந்தே செய்யப்படுகிறது. நான்கு மொழிகளும் சமமாக நிற்கும் திரையில் தமிழ் மட்டும் ஒடுங்கி நிற்பதைக் காணும் தமிழ்ப் பிள்ளை, தன் மொழியின் இடத்தைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும் என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறேன். மாற்றுவழிகள் உண்டு. எழுத்தின் அளவை அகலம் உயரம் இரண்டிலும் ஒருசேரச் சற்றுக் குறைக்கலாம். இரண்டு வரியாகப் பிரிக்கலாம். ஒடுங்கிய உருவிலேயே வரையப்பட்ட எழுத்துருவைத் தேடலாம். அதில் சுழிகளின் உள்வெளியை வரைந்தவர் கணக்கிட்டிருப்பார். எல்லாவற்றிலும் சிறந்தது, சொற்சுருக்கமான மொழிபெயர்ப்பு. அது வடிவமைப்பாளரால் இயலாது, தமிழாசிரியரால் இயலும்.

கைப்பேசிக்கென நெடிதாக நிற்கும் 1080க்கு 1920 என்னும் சட்டகம் இன்று மாணவரிடையே பெருவழக்காகிவிட்டது. படவணு சதுரமே; சிக்கல் அகலத்தில்தான். வரிகளை மடக்கும்போது சொல்லின் நடுவே மடக்குவதும், இடம் போதவில்லையென்று வல்லின மெய்யை உதிர்ப்பதும் மிகுதி. ‘பேச்சுப் போட்டி’ என்பதை இரு வரியாக்கினால் முதல் வரி ‘பேச்சுப்’ என்றே முடிய வேண்டும். வரி முறிந்ததால் சந்தி முறியாது.

தலைப்பை முடித்தபின் வட்டம் ஒன்றையும், ‘மணம் மனம், வீடு விடு, கோடு கொடு, ஏடு எடு, கல் கல’ என்னும் சொற்களையும் அதே எழுத்துருவில் எழுதி, படம் எங்கே காட்டப்படுமோ அத்திரையிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வட்டத்தை அளவுகோலால் அளக்கலாம். சொற்களை, தலைப்பு இன்னதென்று முன்னறியாத ஒருவரைக் கடைசி இருக்கையிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்கு இல்லாத புள்ளியும் தெரியும்.

இறுதியாக, பள்ளிகளிலும் மன்றங்களிலும் உள்ள பழைய ஒளிநாடாக்களைப் பற்றி ஆசிரியர்கள் சிலர் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார்கள். நாடகங்கள், சொற்போர்கள், மறைந்த எழுத்தாளர்களின் உரைகள் என அரிய பதிவுகள் அவற்றில் உள்ளன. அவற்றை இன்றைய திரை முழுவதும் நிரம்புமாறு இழுத்து மாற்றித் தருவோர் பலர். அப்படிச் செய்தால் முகமும் எழுத்தும் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். 1080 வரி உயரத்தில் நான்குக்கு மூன்று படத்திற்குரிய அகலம் 1440 மட்டுமே. இருபுறமும் 240 படவணு அகலத்திற்குக் கறுப்பாக விட்டுவிடச் சொல்லுங்கள். மேலும் கீழும் வெட்டித் திரையை நிரப்பவும் இசையாதீர்கள்; பேசுபவரின் பெயர் எழுதியிருப்பது பெரும்பாலும் அடிப்பகுதியில்தான். மாற்றுவதற்கு முன் எடுத்த 720க்கு 576 மூலக்கோப்பை அழிக்காமல், அதன் படவணு விகிதத்தைக் கோப்பின் பெயரிலேயே குறித்துத் தனியே வைத்திருங்கள்.